பொறுமைசாலி என்று பெயரெடுத்த கணவன்



இன்று நான் பேச எடுத்துக்கொண்டது ஒரு திகில் நாவல். காப்பியமும் கவிதையும் பேசப்படும் மேடையில் கொலைக்கதைக்கு என்ன வேலை என்று சிலர் நினைக்கக்கூடும். ரயிலில் படித்துவிட்டு இருக்கையிலேயே விட்டு இறங்கும் புத்தகம் என்றுதான் இந்த வகையை நாம் நெடுங்காலமாக மதித்து வந்திருக்கிறோம். ஆனால், ஒரே கூரையின் கீழ் வாழும் இரண்டு பேருக்குள் அச்சமும் அவமானமும் எப்படி வளர்கின்றன என்பதை இருபதாம் நூற்றாண்டில் மிக நெருங்கி நின்று பார்த்த எழுத்துகளில் சில இந்த வகைக்குள்தான் இருக்கின்றன. நான் பேசப்போகும் நாவல் அவற்றில் ஒன்று. பாட்ரிசியா ஹைஸ்மித் 1957இல் வெளியிட்ட 'டீப் வாட்டர்'. தன் மனைவியின் வாழ்வில் தனக்கு இடமில்லை என்று உணர்ந்த ஒரு கணவன் அந்த உணர்வை வைத்துக்கொண்டு என்ன செய்கிறான் என்பதே அதன் கதை. முடிவையும் சேர்த்தே பேசுவேன். முடிவு தெரிந்துவிட்டால் கெட்டுப்போகும் நாவல் அல்ல இது.

ஹைஸ்மித் 1921இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் ஃபோர்ட் வொர்த் நகரில் பிறந்தவர். அவர் பிறப்பதற்குச் சில நாட்களுக்கு முன்பே பெற்றோர் மணமுறிவு பெற்றுவிட்டார்கள். ஹைஸ்மித் என்பது மாற்றாந்தந்தையின் பெயர். 1950இல் வந்த முதல் நாவல் 'ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்'. அடுத்த ஆண்டே ஹிட்ச்காக் அதைப் படமாக்கினார். 1955இல் 'தி டேலன்டட் மிஸ்டர் ரிப்ளி'. அதற்கு இரண்டு ஆண்டுகள் கழித்து 'டீப் வாட்டர்'. பிற்காலத்தில் ஐரோப்பாவில் குடியேறி, 1995இல் சுவிட்சர்லாந்தின் லொகார்னோவில் காலமானார். இவருடைய நாவல்களில் கொலை செய்தவன் யார் என்ற புதிரே பெரும்பாலும் இருப்பதில்லை. கொலைகாரனின் தோளுக்குப் பின்னால் நம்மை நிறுத்திவிடுகிறார். மாட்டிக்கொள்வானோ என்று நாம் பதறுகிறோம். மாட்டிக்கொள்ளக் கூடாதே என்று நம்மையும் அறியாமல் விரும்பத் தொடங்குகிறோம். அந்த விருப்பத்தில்தான் அவருடைய திகில் இருக்கிறது.

கதை நடப்பது மாசசூசெட்ஸ் மாநிலத்தில் லிட்டில் வெஸ்லி என்ற கற்பனைச் சிற்றூரில். வசதியானவர்கள் வாழும் ஊர். வார இறுதியில் யாராவது ஒருவர் வீட்டில் விருந்து. குடி, இசைத்தட்டு, நடனம். விக்டர் வான் ஆலனை எல்லோரும் விக் என்றே கூப்பிடுகிறார்கள். 36 வயது. பரம்பரைச் சொத்திலிருந்து வருமானம் வருகிறது. மனைவி மெலிண்டா, சிறுமியாக ஒரு மகள் டிரிக்சி. நாவலின் தொடக்கத்தில் விக் ஒரு விருந்தில் ஓரமாக உட்கார்ந்திருக்கிறான். மெலிண்டா வேறொருவனோடு ஆடிக்கொண்டிருக்கிறாள். விக் ஆடுவதே இல்லை. தெரியாததாலோ கூச்சத்தாலோ அல்ல; மனைவிக்கு ஆட்டம் பிடிக்கும் என்பதால் அவன் ஆடுவதில்லை. ஹைஸ்மித் இதை முதல் பத்தியிலேயே சொல்லிவிடுகிறார். எனக்கு இந்த நாவலின் திறவுகோல் இதுதான். அவளைத் தண்டிக்க அவனுக்குத் தெரிந்த வழி, அவளுக்குப் பிடித்ததைச் செய்யாமல் இருப்பது. யாரும் குற்றம் சொல்ல முடியாத தண்டனை. பார்ப்பவர்களுக்கு அது அடக்கம்போலத் தெரியும்.

மெலிண்டாவுக்கு வேறு ஆண்களோடு தொடர்பு உண்டு. ஒருவன் போனால் இன்னொருவன். அவர்களை வீட்டுக்கே அழைத்து வருகிறாள். இரவு இரண்டு மணி, மூன்று மணி வரை அவர்கள் வரவேற்பறையில் இருக்கிறார்கள். விக் குடிப்பதற்குக் கலந்து கொடுக்கிறான், பேசிக்கொண்டிருக்கிறான், போகும்போது விடைகொடுக்கிறான். ஊர் முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. எவ்வளவு பொறுமை, எவ்வளவு பண்பு என்று நண்பர்கள் வியக்கிறார்கள். அவள் இப்படி இருக்க, இவன் குழந்தையை எவ்வளவு அருமையாக வளர்க்கிறான் என்று பேசிக்கொள்கிறார்கள். இந்தப் பேச்சு விக்கின் காதுக்கும் வருகிறது. அவனுக்கு இது பிடித்திருக்கிறது என்பதை நாம் கவனிக்க வேண்டும். மனைவியிடம் இழந்ததை ஊரிடம் வாங்கிக்கொள்கிறான்.

வீட்டில் கார் கொட்டகையைத் தாண்டி அவனுக்குத் தனியறை. அங்கே நத்தை வளர்க்கிறான். எட்கர், ஹார்டென்ஸ் என்று இரண்டு நத்தைகளுக்குப் பெயரும் வைத்திருக்கிறான். அவை இணைவதை நெடுநேரம், ஏறக்குறைய பக்தியோடு பார்த்துக்கொண்டிருப்பான். மூட்டைப்பூச்சிகளை வைத்து ஆராய்ச்சி செய்கிறான். கிரீன்ஸ்பர் என்ற சிறிய அச்சகம் நடத்தி, ஆண்டுக்கு மிகச் சில புத்தகங்களை மட்டும், தாளும் எழுத்துருவும் தேர்ந்தெடுத்து, நகை செய்வதுபோல அச்சிடுகிறான். நத்தைமேல் ஹைஸ்மித்துக்கே பெரும் பிரியம் உண்டு. வீட்டில் வளர்த்தவர், அவற்றை மையமாக வைத்துச் சிறுகதையும் எழுதியவர். ஆனால் இந்த நாவலில் நத்தைகள் ஆசிரியரின் விளையாட்டாக மட்டும் நின்றுவிடவில்லை. அந்தக் கண்ணாடித் தொட்டிக்குள் விக்குக்குத் தெரியாமல் எதுவும் நடக்காது. ஓர் உயிர் இன்னோர் உயிரோடு சேர்வதை அவன் அமைதியாகப் பார்க்க முடிகிற ஒரே இடம் அதுதான். கூடத்தில் அதையே மனிதர்கள் செய்யும்போது அவனால் தாங்க முடியவில்லை. தாங்குவதாகக் காட்டிக்கொள்ள மட்டும் முடிகிறது.

இத்தனை அவமானத்தையும் சகித்துக்கொண்டு இருப்பதற்குப் பதில் அவன் பிரிந்து போயிருக்கலாமே என்ற கேள்வி படிக்கும் எவருக்கும் எழும். 1957இன் அமெரிக்காவில் மணவிலக்கு இன்றுபோல எளிதல்ல. ஒருவர்மேல் குற்றம் நிறுவாமலே பிரியலாம் என்ற சட்டம் முதன்முதலாகக் கலிபோர்னியாவில் 1969இல் இயற்றப்பட்டு 1970இல் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் நீதிமன்றத்தில் குற்றம் காட்ட வேண்டும். ஆனால் விக்குக்குக் குற்றம் காட்டுவதில் என்ன சிரமம்? மனைவியின் பிறன்தொடர்பு மாசசூசெட்ஸில் அன்றே போதுமான காரணம். சாட்சி சொல்ல ஊரே இருக்கிறது. கையில் பணம் இருக்கிறது. கதவு திறந்தே இருக்கிறது, அவன் வெளியேறவில்லை. வெளியேறினால் அவன் மனைவி கைவிட்ட ஒருவன், அவ்வளவுதான். உள்ளேயே இருந்தால் பெருந்தன்மைக்காரன். நிலைகுலைந்த கணவனுக்கு உறவைவிட உறவுக்குள் தான் வகிக்கும் பாத்திரம் முக்கியமாகிவிடுகிறது என்பதை ஹைஸ்மித் எவ்வளவு தெளிவாகப் பிடித்திருக்கிறார் பாருங்கள். 'தி ஆர்கனைசேஷன் மேன்' என்ற சமூகவியல் நூல் வந்தது 1956இல். 'தி மேன் இன் த கிரே ஃபிளானல் சூட்' நாவல் வந்தது 1955இல். அந்தக் காலத்து அமெரிக்க நடுத்தரக் கணவன் என்ன ஆனான் என்று எல்லோரும் அவனை அலுவலகத்தில் தேடிக்கொண்டிருந்தபோது, ஹைஸ்மித் அலுவலகமே இல்லாத ஒருவனை எடுத்துக்கொண்டு, அவன் வீட்டு வரவேற்பறையில் தேடினார்.

இனி நாவலின் மிகச் சிறந்த பகுதிக்கு வருகிறேன். மால்கம் மெக்ரே என்ற விளம்பரத் துறைக்காரன் முன்பு மெலிண்டாவோடு பழகியவன். அவன் நியூயார்க்கில் தன் குடியிருப்பில் கொலை செய்யப்பட்டுக் கிடந்தான், கொன்றவன் அகப்படவில்லை. மெலிண்டாவின் இப்போதைய நண்பன் ஜோயல் நாஷ். ஒரு விருந்தில் விக் அவனருகே போய், குரலை உயர்த்தாமல், மரியாதை குறையாமல், மெக்ரேயைக் கொன்றது நான்தான் என்கிறான். எனக்குப் பிடிக்காதவர்களைக் கொன்றுவிடுவேன் என்ற பொருளில் ஒரு சிரிப்போடு சொல்கிறான். நாஷுக்கு இது வேடிக்கையா உண்மையா என்று தெரியவில்லை. சீக்கிரமே ஊரைவிட்டுப் போய்விடுகிறான். கதை வாய்க்கு வாய் பரவுகிறது.

ஒரு பொய், அவ்வளவுதான். கை ஓங்கவில்லை, மனைவியிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. ஆனால் அந்தப் பொய்க்குப் பிறகு விக்கின் நடையே மாறிவிடுகிறது. கடைத்தெருவில், விருந்துகளில், ஆட்கள் அவனை ஒரு கணம் கூடுதலாகப் பார்க்கிறார்கள். அந்தப் பார்வையில் பயம் கொஞ்சம், மரியாதை கொஞ்சம். இத்தனை நாள் இரக்கத்தோடு பார்த்த கண்கள். இரக்கம் அவனை எவ்வளவு அரித்திருந்தது என்பது, அது நின்றுபோனபோதுதான் நமக்குத் தெரிகிறது. பொறுமைசாலி என்ற பெயரும் கெடவில்லை. அதற்கு அடியில் ஆபத்தானவன் என்ற நிழலும் சேர்ந்துவிட்டது. இரண்டையும் அவன் ரசிக்கிறான். தன்னம்பிக்கை இழந்த ஒருவன் அதை மீட்டுக்கொள்ளும் காட்சிகள் இலக்கியத்தில் ஏராளம். செய்யாத கொலையைச் சொல்லி மீட்டுக்கொண்டவன் இவன் ஒருவனாகத்தான் இருக்க வேண்டும்.

அவன் மறுத்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். நெருங்கிய நண்பன் ஹொரேஸ் மெல்லர் கேட்கும்போதும் விக் அதை ஒரு விளையாட்டுப் பேச்சாகவே கையாள்கிறான். நெருக்கமானவர்களிடம் விளையாட்டு, மற்றவர்களிடம் சந்தேகத்துக்கு இடம். கேட்பவர் யார் என்பதைப் பொறுத்துத் தன் உருவத்தைக் கூட்டிக் குறைத்துக் காட்டும் இந்தத் திறமை, வருடக்கணக்காக மனைவியின் காதலர்களுக்கு உபசாரம் செய்து பழகியதில் வந்தது.

பிறகு ஒருநாள் மெக்ரேயைக் கொன்ற உண்மையான ஆள் பிடிபடுகிறான். செய்தித்தாளில் வருகிறது. ஊர் சிரித்துக்கொள்கிறது, பாவம் விக், அவன் எங்கே கொல்லப்போகிறான் என்று மீண்டும் இரக்கத்துக்குத் திரும்புகிறது. செய்யாத குற்றத்திலிருந்து விடுதலை கிடைத்தால் மனிதன் மகிழ வேண்டும். விக் சிறுத்துப்போகிறான். அவனிடமிருந்து பறிக்கப்பட்டது ஒரு பழி. அவனுக்கோ சொத்து பறிபோனதுபோல இருக்கிறது. நாவலின் பிற்பாதியில் நடக்கும் எல்லாவற்றுக்கும் விதை இந்த இடத்தில்தான் விழுகிறது என்பது என் வாசிப்பு. பொறாமை அவனைக் கொலைகாரன் ஆக்கியது என்று நாவலைச் சுருக்கமாகச் சொல்பவர்கள் உண்டு. பொறாமை அவனிடம் பல ஆண்டுகளாக இருந்தது; அப்போதெல்லாம் அவன் கொல்லவில்லை. பொய்யால் வந்த மதிப்பு போன பிறகுதான் கொல்கிறான். பொய் பலிக்காமல் போன இடத்தை நிஜத்தால் நிரப்புகிறான்.

அடுத்து வருபவன் சார்லி டி லைல், பியானோ வாசிப்பவன். மெலிண்டா அவனிடம் பியானோ கற்றுக்கொள்கிறாள். கோவன் தம்பதி வீட்டில் ஓர் இரவு விருந்து, நீச்சல் குளம். மற்றவர்கள் வீட்டுக்குள் போயிருக்கும் சில நிமிடங்களில் குளத்தில் விக்கும் டி லைலும் மட்டும். விளையாட்டாகத் தொடங்குவதுபோலவே தொடங்குகிறது. விக் அவனைத் தண்ணீருக்குள் அமுக்கிப் பிடிக்கிறான், விடவில்லை. ஹைஸ்மித் இந்த இடத்தில் சொற்களை மிகச் சிக்கனமாகச் செலவழிக்கிறார். ஆவேசம் இல்லை, பழிவாங்கும் வசனம் இல்லை. முடிந்த பிறகு விக்குக்கு வருவது நடுக்கம் அல்ல, நிம்மதி. எனக்கு இந்த நாவலில் தாங்க முடியாத இடம் கொலை அல்ல, அந்த நிம்மதிதான்.

விசாரணையில் விபத்து என்று முடிவாகிறது. மெலிண்டா மட்டும் அவனை வெளிப்படையாகக் குற்றம் சாட்டுகிறாள். ஊர் யார் பக்கம் நிற்கும்? பொறுமைசாலியின் பக்கம்தான். கணவனை ஊரறிய ஏமாற்றியவள், இப்போது வெறிபிடித்துப் பழி போடுகிறாள் என்று அவளை ஒதுக்குகிறார்கள். ஆண்டுக்கணக்காக அவன் சேர்த்துவைத்த நற்பெயர் இந்த ஓர் இரவில் வட்டியோடு கைக்கு வருகிறது. உண்மையைச் சொல்லும் ஒரே ஆள் அவள். நம்பத் தகாதவள் என்று ஊர் முன்பே தீர்மானித்துவிட்ட ஆளும் அவளே. 1957இல் எழுதப்பட்ட இந்த அமைப்பை இன்று எத்தனையோ குடும்ப வழக்குகளில் பார்க்கிறோம். சத்தம் போடுபவர் தவறானவர், அமைதியாக இருப்பவர் சரியானவர் என்று சுற்றத்தாரும் அண்டை வீட்டாரும் எவ்வளவு விரைவாக முடிவுகட்டிவிடுகிறார்கள்! இந்த ஒரு காரணத்துக்காகவே இந்த நாவலைக் குடும்ப நல ஆலோசகர்களும் வழக்கறிஞர்களும் படிக்க வேண்டும் என்பேன்.

சந்தேகக் கணவர்களின் வரிசையில் விக்கை எங்கே வைப்பது? ஒத்தெல்லோவை எல்லோரும் நினைப்பீர்கள். ஆனால் ஒத்தெல்லோ ஏமாற்றப்பட்டவன், டெஸ்டிமோனா குற்றமற்றவள், ஒரு கைக்குட்டை அவனை அழித்தது. உண்மை தெரிந்திருந்தால் அந்த நாடகத்தில் கொலை இல்லை. டால்ஸ்டாயின் 'க்ராய்ட்சர் சொனாட்டா' 1889இல் எழுதப்பட்டது. அங்கே பொஸ்ட்னிஷெவ் தன் மனைவியை ஒரு வயலின் கலைஞனோடு சேர்த்துச் சந்தேகப்பட்டுக் கொல்கிறான். அவள் உண்மையில் என்ன செய்தாள் என்பது கடைசிவரை மூட்டமாகவே இருக்கிறது. இங்கும் இசைக்கலைஞன் ஒருவன் வருவதைக் கவனியுங்கள். மூன்றாவதாக விக். இவனுடைய சந்தேகம் முற்றிலும் உண்மை. ஃப்ராய்ட் 1922இல் பொறாமையை மூன்று அடுக்குகளாகப் பிரித்தார்: எல்லோருக்கும் இயல்பாக வருவது, தன் ஆசையைப் பிறர்மேல் ஏற்றிப் பார்ப்பது, மனப்பிறழ்வாக முற்றுவது. இந்தப் பிரிவுகள் விக்கிடம் வந்து நின்றுவிடுகின்றன. அவனிடம் மாயத்தோற்றம் எதுவும் இல்லை. கண்முன் நடப்பதைத்தான் பார்க்கிறான். அப்படியானால் அவன் நோய் எங்கே இருக்கிறது? நடப்பது தன்னைத் தொடவில்லை என்று அவன் தனக்கே சொல்லிக்கொள்வதில் இருக்கிறது. ஒத்தெல்லோ கதறுகிறான், பொஸ்ட்னிஷெவ் ரயில் பெட்டியில் முன்பின் தெரியாதவனிடம் கொட்டித் தீர்க்கிறான். விக் யாரிடமும் வலிக்கிறது என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. மெலிண்டாவிடமும் சொல்லவில்லை.

ஹைஸ்மித் இந்தக் கணவனை ஒரே நாவலோடு விட்டுவிடவில்லை. 1954இல் எழுதிய 'தி பிளண்டரர்' நாவலில் வால்டர் ஸ்டாக்ஹவுஸ் என்ற வழக்கறிஞன், வேறொருவன் தன் மனைவியைக் கொன்றிருக்கக்கூடிய விதத்தைச் செய்தித்தாளில் படித்து அதிலேயே மனத்தை ஓடவிடுகிறான். பிறகு அவன் மனைவி அதேபோன்ற சூழலில் இறந்துபோக, நினைத்ததற்கே தண்டனை அனுபவிக்கிறான். 1965இல் வந்த 'எ சஸ்பென்ஷன் ஆஃப் மெர்சி'யில் இங்கிலாந்தின் சஃபோக் பகுதியில் வாழும் எழுத்தாளன் சிட்னி, மனைவி வெளியூர் போயிருக்கும்போது அவளைக் கொன்றுவிட்டதாக நடித்துப் பார்க்கிறான். ஒரு கம்பளத்தைச் சுருட்டித் தோளில் தூக்கிப்போய் விடியற்காலையில் புதைக்கிறான். பக்கத்து வீட்டு மூதாட்டி அதைப் பார்த்துவிடுகிறாள். நினைப்பு, நடிப்பு, பொய், செயல் என்ற படிகளில் எது குற்றம் என்ற கேள்வியை ஹைஸ்மித் விடாமல் துரத்தியிருக்கிறார். மனைவியைக் கொல்வதைப் பொறுத்தவரை மற்ற இரண்டு கணவர்களும் நினைப்பிலும் நடிப்பிலும் நிற்கிறார்கள். விக் ஒருவன்தான் எல்லாப் படியும் இறங்குகிறான். திகில் கதை எழுதுவது பற்றி 1966இல் அவர் வெளியிட்ட நூலில், குற்றவாளி சிறிது காலமாவது யாருக்கும் பணியாமல் சுதந்திரமாக இருக்கிறான், அதனாலேயே கதைக்கு ஏற்றவன் என்ற கருத்தைச் சொல்லியிருக்கிறார். விக்குக்கு அப்படி ஒரு சுதந்திரம் கிடைக்கத்தான் செய்கிறது. அது நிலைப்பதில்லை.

அரை நூற்றாண்டு கழித்து, 2012இல் ஜில்லியன் ஃபிளின் எழுதிய 'கான் கேர்ல்' நாவலில் நிக் டன் என்ற கணவன் வருகிறான். பத்திரிகை வேலை போய்விட்டது. மனைவியின் பணத்தில் சொந்த ஊரில் மதுக்கூடம் நடத்துகிறான். மனைவி காணாமல் போன பிறகு ஊடகங்களுக்கு முன் அவன் முகம் தப்பான நேரத்தில் சிரித்துவிடுகிறது. அந்தச் சிரிப்பே அவனைக் குற்றவாளி ஆக்குகிறது. விக்கின் காலத்தில் ஊர்க்காரர்கள் நாற்பது ஐம்பது பேரிடம் நல்ல பெயர் வாங்கினால் போதும். நிக்குக்கு நாடே பார்வையாளர். மற்றபடி இருவரும் ஒரே தவிப்பில் இருப்பவர்கள்.

மீண்டும் 'டீப் வாட்டர்' நாவலுக்கு வந்தால், அதில் வரும் டான் வில்சனைப் பற்றிச் சொல்லாமல் போகக் கூடாது. ஊருக்குப் புதிதாகக் குடிவந்தவன், மலிவான கொலைக்கதைகளும் சாகசக் கதைகளும் எழுதிப் பிழைப்பவன். ஊரில் விக்மேல் முதலில் உண்மையாகச் சந்தேகப்படும் வெளியாள் அவன்தான். அழகிய தாளில் கவிதை அச்சிடும் விக்குக்கு அவனைக் கண்டாலே இளக்காரம். உயர்ந்த ரசனை உள்ளவன் குற்றவாளி, தாழ்ந்த ரசனை உள்ளவன் உண்மையைக் கண்டவன். திகில் நாவலாசிரியரான ஹைஸ்மித் தன் வகை எழுத்துக்குக் கொடுத்த மரியாதையாகவே நான் இதைப் படிக்கிறேன். கொலைக்கதை படித்த கண்ணுக்குத்தான் லிட்டில் வெஸ்லியில் கொலை தெரிந்தது.

பிற்பகுதியை விரைவாகச் சொல்லிவிடலாம். கட்டுமானத் தொழில் சார்ந்த டோனி கேமரன் வருகிறான். இம்முறை மெலிண்டா விவாகரத்து வரை போக நினைக்கிறாள். விக் அவனைப் பழைய கல்குவாரிக்கு அழைத்துப்போய்க் கல்லால் அடித்து வீழ்த்தி, உடலைக் கனம் கட்டிக் குவாரித் தண்ணீரில் மூழ்கடிக்கிறான். இம்முறை எல்லாம் கை தவறுகிறது. இரத்தக் கறை மிஞ்சுகிறது. மீண்டும் குவாரிக்குப் போனபோது வில்சன் பார்த்துவிடுகிறான். வீட்டுக்குத் திரும்பி மெலிண்டாவைக் கழுத்தை நெரித்துக் கொல்கிறான். காவலரோடு வில்சன் வந்து நிற்கிறான். பிடிபட்ட பிறகும் விக்கின் மனம் வருந்தவில்லை. தன்னைச் சுற்றியுள்ள சாதாரண மனிதர்கள் எல்லோரையும் ஏளனமாக நினைத்துக்கொண்டே போகிறான். அவனுக்கு மிஞ்சிய கடைசித் தற்காப்பு அதுதான். மனைவியிடம் தோற்றவன் ஊரிடம் போனான், ஊரிடம் தோற்றவன் உலகம் முழுவதையும் தனக்குக் கீழே வைத்துக்கொண்டான்.

இந்த நாவல் இரண்டு முறை திரைப்படமாகியிருக்கிறது. 1981இல் பிரெஞ்சு இயக்குநர் மிஷெல் தெவில் எடுத்ததில் ழான்-லூயி த்ரந்தின்யாவும் இசபெல் உப்பேரும் நடித்தார்கள். 2022இல் ஏட்ரியன் லைன் எடுத்ததில் பென் அஃப்லெக்கும் ஆனா டி ஆர்மஸும் நடித்தார்கள். லைனின் படத்தில் விக் ஆளில்லா விமானங்களுக்கான சில்லு ஒன்றைக் கண்டுபிடித்துப் பணக்காரனானவன். நத்தைகள் இருக்கின்றன. ஆனால் முடிவை மாற்றிவிட்டார்கள். வில்சன் கார் விபத்தில் சாகிறான். மெலிண்டா கொல்லப்பட்ட டோனியின் அடையாள அட்டையை எரித்துக் கணவனுக்குத் துணைபோகிறாள். இந்த மாற்றம் எனக்கு ஏற்புடையதல்ல. அவன் கொன்றதை அவள் காதலின் அளவாக எடுத்துக்கொண்டாள் என்று ஆகிவிடுகிறது. ஹைஸ்மித் அப்படி ஒரு ஆறுதலை அவனுக்குக் கொடுக்கவே இல்லை. நாவலில் மெலிண்டா கடைசிவரை அவனுக்கு எதிராகவே நிற்கிறாள். அதற்காக உயிரைக் கொடுக்கிறாள்.

மாணவ நண்பர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். நாவல் முழுவதும் விக்கின் மனத்தின் வழியாகவே நகர்கிறது. மெலிண்டா குடிப்பதும், வீட்டை அலங்கோலமாகப் போட்டுவைப்பதும், குழந்தையைக் கவனிக்காததும் நமக்கு அவன் கண்ணால் காட்டப்பட்டவை. அவன் அறை சுத்தமானது, அவன் பேச்சு இனிமையானது, அவன் குழந்தைக்குக் கதை சொல்பவன் என்பதும் அவன் தரும் கணக்குத்தான். நாமும் ஏறக்குறைய லிட்டில் வெஸ்லிக்காரர்களாகவே ஆகிவிடுகிறோம். பாதி நாவல் வரை அவனுக்காக வருந்துகிறோம், டி லைல் குளத்தில் மூழ்கும்போது ஒரு கணம் அவன் பக்கமே நிற்கிறோம். மெலிண்டா தன் மணவாழ்க்கையில் எதைத் தேடினாள், ஆட மறுக்கும், கோபப்படாத, ஒரு வார்த்தைகூடச் சண்டைபோடாத ஒருவனோடு ஒரே வீட்டில் வாழ்வது எப்படி இருந்தது என்று நாவலில் யாரும் கேட்பதில்லை. அவள் செய்தவற்றை நியாயப்படுத்துவது என் நோக்கமல்ல. அவள் கொடுமையாகவும் நடந்துகொள்கிறாள், அதில் சந்தேகமில்லை. ஆனால் அவளுக்கு ஒரு பக்கம் இருக்கிறது என்பதே நமக்குத் தோன்றாதபடி ஒருவன் கதை சொல்ல முடிந்தால், அந்தத் திறமைதான் அவனுடைய முதல் வன்முறை.

இந்தத் துறையில் ஆய்வு செய்ய வருபவர்கள் திகில் நாவல்களைப் பாத்திரப் படைப்பு, கதைப்பின்னல் என்ற பழைய தலைப்புகளுக்குள் மட்டும் அடக்கிவிடாமல், யார் கண்ணால் குடும்பம் சொல்லப்படுகிறது என்று கேட்டுப் பாருங்கள். 'டீப் வாட்டர்' நாவலை ஒருமுறை படித்து முடித்ததும் உடனே முதல் பக்கத்துக்குத் திரும்புங்கள். இரண்டாம் வாசிப்பில் விக் நினைப்பவை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு, மெலிண்டா வாய் திறந்து பேசுபவற்றை மட்டும் தனியே குறித்துக்கொண்டு படியுங்கள். கோபமும் கேலியும் கலந்த அந்தப் பேச்சில், தன் கணவன் எப்படிப்பட்டவன் என்பதை அவள் மற்ற எல்லோருக்கும் முன்பே அறிந்திருந்தாள் என்பது உங்களுக்கே தெரியவரும்.